டொரண்டோ – ஓக்லண்ட் டைரி: ஓய்வெடுத்த கால், ஓடிக் களைத்த கால்

மே 29, 2019, புதன். டொரண்டோ

பியர்சன் விமான நிலையத்தில் இறங்கியதும் டாக்ஸி வரிசையில் போய் நிற்காதீர்கள். யூபி எக்ஸ்பிரஸ் ரயில் 15 நிமிடத்துக்கு ஒன்று கிளம்புகிறது, 25 நிமிடத்தில் யூனியன் ஸ்டேஷனில் இறக்கிவிடுகிறது. டொரண்டோவின் கூடைப்பந்து அணியான ராப்டர்ஸ் ஆடும் ஸ்கோஷியாபேங்க் அரங்கம் அந்த ஸ்டேஷனை ஒட்டியே இருக்கிறது. மேலே ரோட்டுக்கே வராமல், பாத் என்கிற நிலத்தடி நடைபாதை வழியாக அரங்கத்துக்குள் போய்விடலாம். போன வருஷம் வரை அதன் பெயர் ஏர் கனடா சென்டர். ஊர்க்காரர்கள் பலர் இன்னும் பழைய பெயரில்தான் வழி சொல்கிறார்கள்.

சொந்தக்காரர் வீடு என்று ஸ்காபரோவில் தங்குபவர்களுக்கு வழி கொஞ்சம் சுற்று. ஸ்காபரோ ரயிலில் (2023இல் அதை நிறுத்திவிட்டார்கள்) கென்னடி, அங்கிருந்து இரண்டாம் லைனில் புளூர்–யங், அங்கே மாறி முதல் லைனில் யூனியன். வீட்டு வாசலிலிருந்து ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் தமிழ்க்கடைப் பலகைகளில் ஊர்ப் பெயர் 'ரொறன்ரோ' என்றிருக்கும். ஈழத்து எழுத்து முறை அது.

வந்தது கூடைப்பந்து லீகான என்பிஏவின் இறுதிச்சுற்றுக்கு: ராப்டர்ஸுக்கு எதிரே ஓக்லண்டில் ஆடும் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ். ஏழு ஆட்டத்தில் நான்கை முதலில் ஜெயிப்பவருக்குக் கோப்பை. முதல் ஆட்டம் நாளைக்குத்தான். இன்றைக்குக் காலேஜ் ஸ்டேஷனில் இறங்கி கார்ல்டன் தெருவில் இரண்டு நிமிடம் நடந்தால் மேப்பிள் லீஃப் கார்டன்ஸ். என்பிஏ தன் முதல் ஆட்டமாகக் கணக்கு வைத்திருப்பது 1946 நவம்பர் 1 அன்று இந்தக் கட்டடத்தில் நடந்ததைத்தான். டொரண்டோ ஹஸ்கீஸ் நியூயார்க்கிடம் 66-68 என்று தோற்றது. ஹஸ்கீஸ் ஒரே சீசனோடு மூடப்பட்டது. இப்போது கீழ்த்தளம் லாப்லாஸ் மளிகைக்கடை. 25ஆம் வரிசையில் தரையில் ஒரு சிவப்பு வட்டம் இருக்கும், பழைய ஐஸ் ஹாக்கி மைதானத்தின் நடுப்புள்ளி. தள்ளுவண்டிகள் அதன் மேல் உருண்டு போய்க்கொண்டே இருக்கின்றன. குனிந்து தேடினால்தான் கண்ணில் படும்.

இந்த ஊருக்கு மறுபடி அணி வந்தது 1995இல். அன்று முதல் இந்த வருஷம் வரை ஒரு முறைகூட இறுதிச்சுற்றை எட்டியதில்லை. 2016, 2017, 2018 என்று மூன்று வருஷம் தொடர்ந்து லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லண்டிடம் தோல்வி. கடைசி முறை 0-4. அந்த சீசனில் 59 வெற்றி, கிளப் வரலாற்றிலேயே அதிகம். அப்படியிருந்தும் பயிற்சியாளர் டுவேன் கேசியை அனுப்பினார்கள். அடுத்த மாதமே அவருக்கு ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது கிடைத்தது. அவர் இடத்தில் அதுவரை உதவியாளராக இருந்த நிக் நர்ஸ்.

பிறகு 2018 ஜூலை 18. ஒன்பது சீசன் இந்த ஊரிலேயே ஆடிய டிமார் டிரோஸனையும் யாகோப் பூல்ட்லையும் ஒரு டிராஃப்ட் உரிமையையும் (புது ஆட்டக்காரர்களை முறை வைத்து எடுக்கும் உரிமை) சான் அன்டோனியோவுக்குக் கொடுத்து, கவாய் லெனர்டையும் டேனி கிரீனையும் வாங்கினார் அணி நிர்வாகத் தலைவர் மசாய் உஜிரி. லெனர்டுக்குத் தொடைத்தசையில் கோளாறு, முந்தைய சீசனில் ஆடியதே 9 ஆட்டம். ஒப்பந்தமும் ஒரு வருஷத்தில் முடிகிறது. ஊர் கொதித்தது. கொதித்ததில் நியாயம் இருந்தது. உஜிரியின் கணக்கு வேறு: லெப்ரான் மேற்குப் பிரிவுக்குப் போய்விட்டார், கிழக்கில் ஆடும் டொரண்டோவுக்கு இறுதிச்சுற்று வரை எதிரே வரமாட்டார், கதவு திறந்திருப்பது ஒரே ஒரு வருஷம்.

அந்தக் கணக்கின் மறுபாதி குளிர்காலத்தில் நடந்தது. 82 ஆட்டத்தில் லெனர்ட் இறங்கியது 60இல் மட்டும். அடுத்தடுத்த இரவுகளில் ஆட்டம் வந்தால் ஒன்றில் ஆடுவார், மற்றதில் உட்காருவார். விளையாட்டு அறிவியல் பொறுப்பாளர் அலெக்ஸ் மெக்கெக்னி போட்ட அட்டவணை அது. டிவிக்காரர்கள் திட்டினார்கள், டிக்கெட் வாங்கியவர்கள் அதைவிடத் திட்டினார்கள். அவர் இல்லாத 22 ஆட்டத்தில் அணி 17இல் ஜெயித்தது. மொத்தம் 58 வெற்றி. கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுக்கு 57. அந்த ஒரே ஒரு வெற்றி வித்தியாசத்தில்தான் இறுதிச்சுற்று டொரண்டோவில் தொடங்குகிறது. 1, 2, 5, 7ஆம் ஆட்டங்கள் இங்கே.

மே 30, வியாழன். முதல் ஆட்டம்

டிக்கெட் இல்லாதவர்கள் போகுமிடம் அரங்கின் மேற்கு வாசல். மேப்பிள் லீஃப் சதுக்கம் என்று போட்டிருக்கும். 'ஜுராசிக் பார்க்' என்று கேட்டால்தான் ஆளுக்குப் புரியும். சுவரில் பெரிய திரை, நுழைவு இலவசம், முன்னால் வந்தவருக்கு முன்னிடம். ஆட்டம் இரவு 9 மணிக்கு. பகலிலேயே வரிசை தெருவைச் சுற்றிவிட்டது. தனியாகப் போனால் சிக்கல்: ஒன்றுக்குப் போக வரிசையை விட்டு விலகினால் இடம் போச்சு. மூன்று பேராகப் போங்கள். குடை வேண்டாம், மழைச்சட்டை போதும். குடை விரித்தால் பின்னால் நிற்பவர் உங்களைச் சும்மா விடமாட்டார். கூட்டம் சேர்ந்ததும் போன் சிக்னல் படுத்துவிடும். பிரிந்தால் எங்கே சேர்வது என்று முன்பே பேசிவைப்பது நல்லது.

ராப்டர்ஸ் 118-109. லெனர்டைக் காவல் காக்க இரண்டு பேர் ஓடியதில் திறந்துகிடந்தது பாஸ்கல் சியாகமின் பாதை. 17 வீச்சில் 14 உள்ளே, 32 புள்ளி. கேமரூன்காரர், 2016 டிராஃப்டில் 27ஆவதாக எடுக்கப்பட்டவர். வாரியர்ஸ் அவரை டிரேமண்ட் கிரீன் பொறுப்பில் விட்டது. லீக்கின் மிகச் சிறந்த காவல்காரர்களில் ஒருவர் கிரீன். ஆனால் பந்து கைமாறிய மறுவினாடியே சியாகம் ஓடத் தொடங்கிவிடுகிறார். காவல் அமைவதற்குள் அவர் கூடைக்கு அடியில். கிரீன் திரும்பிப் பார்த்து ஓடிவரும் அந்த ஒன்றிரண்டு அடியில்தான் இன்றைய ஆட்டம் இருந்தது.

இன்னொரு எண்ணையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். வாரியர்ஸுக்கு இது தொடர்ந்து ஐந்தாவது இறுதிச்சுற்று. 2015 முதல் பிளே-ஆஃபில் (சீசன் முடிந்தபின் கோப்பைக்கு நடக்கும் சுற்றுகள்) மட்டும் 99 ஆட்டம் ஆடிவிட்டு இந்த ஊருக்கு வந்தார்கள், இன்றையது நூறாவது. ஒவ்வொரு வருஷமும் ஜூன் வரை ஓட்டம். அவர்களின் நட்சத்திரம் கெவின் டுரன்ட் கெண்டைக்கால் காயத்தோடு வெளியே உட்கார்ந்திருக்கிறார்.

ஜூன் 1, சனி. ஆட்டம் இல்லாத நாள்

இங்கே வரும் எல்லோரும் கேட்பது மே 12ஆம் தேதி விழுந்த அந்தப் பந்தைப் பற்றி. பிளே-ஆஃப் இரண்டாம் சுற்றில் பிலடெல்பியாவுக்கு எதிரான ஏழாம் ஆட்டம், 90-90, பாக்கி 4.2 வினாடி. வலது மூலைக்கு ஓடிய லெனர்ட், ஏழடி உயர ஜோயல் எம்பீடின் நீட்டிய கைக்கு மேலே பந்தை எறிந்தார். மணி அடித்தது. வளையத்தின் இந்தப் பக்கம் இரண்டு துள்ளல், அந்தப் பக்கம் இரண்டு, பிறகு உள்ளே. ஏழாம் ஆட்டம் கடைசி மணியோடு விழுந்த கூடையால் முடிந்தது என்பிஏவில் அதுவே முதல் முறை.

அதிர்ஷ்டம்தான், மறுக்க முடியாது. ஆனால் முழுக்க அதிர்ஷ்டம் என்பதும் சரியில்லை. எம்பீடின் கையைத் தாண்ட வேண்டியிருந்ததால் பந்து வழக்கத்தைவிட உயரமாகப் போய், கிட்டத்தட்ட நேர் செங்குத்தாக இறங்கியது. தாழ்வாக வரும் பந்து வளையத்தில் பட்டால் பக்கவாட்டில் தெறித்து ஓடிவிடும். செங்குத்தாக விழும் பந்து, அதுவும் பின்சுழற்சியோடு, அதே இடத்தில் மேலே எழும்பி மறுபடி அங்கேயே விழும். ஒவ்வொரு துள்ளலிலும் வேகம் செத்துப்போகும். வளையத்தின் உள்விட்டம் 45 செ.மீ., பந்தின் விட்டம் சுமார் 24. வேகம் செத்த பந்துக்கு அவ்வளவு இடம் தாராளம். எங்கேயாவது ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் மூலையிலிருந்து உயரமாகவும் தாழ்வாகவும் பத்துப் பத்து முறை எறிந்து பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

அந்த இரவு அவர் 39 வீச்சு வீசி 41 புள்ளி எடுத்தார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 39ஆவது வீச்சிலும் காலில் எழும்பும் தெம்பு இருந்தது. ஜனவரியில் உட்காரவைத்த இரவுகளின் பலன் அது.

அடுத்த சுற்றில் வந்த மில்வாக்கியைப் பற்றிச் சுருக்கமாக. 60 வெற்றி பெற்ற அணி, முதல் இரண்டு ஆட்டத்தையும் தட்டிக்கொண்டு போனது. மூன்றாம் ஆட்டத்திலிருந்து யானிஸ் அன்டெடொகும்போவைக் காக்கும் வேலையை லெனர்டுக்கு மாற்றினார் நர்ஸ். இரண்டு கூடுதல் நேரம் போய் 118-112. பிறகு வரிசையாக மூன்று. டிராஃப்டில் யாருமே எடுக்காத ஃப்ரெட் வான்விலீட், மே 20 அன்று மகன் பிறந்த பிறகு ஆடிய மூன்று ஆட்டத்தில் 17 மூன்று-புள்ளி வீச்சில் (தூரக்கோட்டுக்கு வெளியிலிருந்து எறிவது) 14ஐ உள்ளே போட்டார். இதற்கு விளக்கம் தேடுவது வீண் வேலை.

ஜூன் 2, ஞாயிறு. இரண்டாம் ஆட்டம்

வாரியர்ஸ் 109-104. மூன்றாம் கால்பகுதியை 18-0 என்று தொடங்கினார்கள். ஆட்டம் அங்கேயே கை நழுவியது. பிறகு வாரியர்ஸின் கிளே தாம்சன் பின்தொடைத் தசையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். அதே அணியின் கெவோன் லூனிக்குக் கழுத்தெலும்புப் பக்கம் அடி.

கவனித்துப் பார்க்க வேண்டியது கடைசி ஆறு நிமிடம். நர்ஸ் இறக்கியது 'பாக்ஸ் அண்ட் ஒன்': நான்கு பேர் கூடையைச் சுற்றிச் சதுரமாக நின்று இடத்தைக் காப்பார்கள், ஐந்தாமவர் வான்விலீட், வாரியர்ஸின் ஸ்டெஃப் கரி எங்கே போனாலும் கூடவே ஓடுவார். நம் ஊர்ப் பள்ளிப் போட்டிகளில், எதிரணியில் ஒரே ஒரு நல்ல ஆட்டக்காரர் இருந்தால் பி.டி. வாத்தியார் போடும் திட்டம்தான் இது. என்பிஏவில் யாரும் தொடமாட்டார்கள். ஏனென்றால் மீதி நான்கு பேரும் மூன்று-புள்ளி போடத் தெரிந்தவர்களாக இருந்தால் சதுரம் கிழிந்துவிடும். தாம்சனும் டுரன்டும் இல்லாததால்தான் துணிந்தார்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் வாரியர்ஸுக்கு ஒரு புள்ளிகூட இல்லை.

எங்கே பிழைத்தது? வாரியர்ஸ் 106-104 என்று முன்னிலை, கடைசி அரை நிமிடம். ஃபவுல் செய்து ஃப்ரீ த்ரோ (தடையில்லா வீச்சு) கொடுப்பதா, பந்தைப் பறிக்கப் பார்ப்பதா? ராப்டர்ஸ் கரியை இருவராக மடக்கியது. பந்து ஆண்ட்ரே இகுவோடாலா கைக்குப் போனது, பக்கத்தில் ஆளே இல்லை. 5.9 வினாடி பாக்கியிருக்க மூன்று புள்ளி. இவர் எறியட்டும் என்று விட்டதில் தவறில்லை என்பதே என் கட்சி. விழுந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஜூன் 4, செவ்வாய். டொரண்டோ – சான் ஃப்ரான்சிஸ்கோ

அமெரிக்கக் குடியேற்றச் சோதனை பியர்சனிலேயே, விமானம் ஏறுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அந்தப் பக்கம் இறங்கியதும் உள்ளூர்ப் பயணி மாதிரி பெட்டியை எடுத்துக்கொண்டு நடக்கலாம். ஆகவே இங்கே மூன்று மணி நேரம் முன்னதாக வருவது அவசியம். வரிசை எப்போது நீளும் என்று சொல்ல முடியாது. இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்குக் கனடா விசா ஒன்று, அமெரிக்க விசா வேறொன்று. கடைசி நேரத்தில் டிக்கெட் கிடைத்ததென்று விசா கிடைத்துவிடாது.

சுமார் 3,600 கி.மீ., ஐந்தரை மணி நேரம். கடிகாரத்தை மூன்று மணி நேரம் பின்னால் திருப்ப வேண்டும். ஆட்டக்காரர்களுக்குத் தனி விமானம், கால் நீட்ட இடம், கூடவே மருத்துவர்கள் எல்லாம் உண்டு. ஆனாலும் உயரத்தில் அழுத்தம் குறைந்த காற்றில் மணிக்கணக்காக உட்கார்ந்தால் வீங்கிய கால் இன்னும் வீங்கும். தொடர் ஆறு ஆட்டம் போனால் இந்தப் பயணம் மூன்று முறை. காயம்பட்ட அணிக்கு வில்லன் இந்த அட்டவணைதான்.

ஓக்லண்ட் விமான நிலையத்துக்கு டிக்கெட் கிடைத்தால் அதையே எடுங்கள். அங்கிருந்து ஆளில்லா ரயில் நேராக கொலிசியம் பார்ட் (வளைகுடாப் பகுதியின் நகர ரயில்) ஸ்டேஷனுக்கு வந்துவிடும். சான் ஃப்ரான்சிஸ்கோவில் இறங்கினால் வளைகுடாவுக்கு அடியில் போகும் ரயிலில் நடுவே ஒரு முறை மாற வேண்டும்.

ஜூன் 5, புதன். ஓக்லண்ட், மூன்றாம் ஆட்டம்

கொலிசியம் ஸ்டேஷனிலிருந்து நடைமேம்பாலம் ஒன்று நேராக ஆரக்கிள் அரங்க வளாகத்துக்கு இறங்குகிறது. பக்கத்திலேயே பேஸ்பால் மைதானம். சுற்றிலும் கார் நிறுத்தும் வெட்டவெளி, கண்ணுக்கெட்டியவரை தார், சாப்பிட எதுவுமில்லை. ஓக்லண்ட் டவுன்டவுனில் சாப்பிட்டுவிட்டு வருவது புத்திசாலித்தனம். இங்கே ஆட்டம் மாலை 6 மணிக்கு, வெளிச்சம் இருக்கும்போதே. முடிந்து வெளியே வந்தால் வளைகுடாக் காற்று ஜில்லென்று அடிக்கும், ஜூன்தானே என்று அரைக்கைச் சட்டையோடு வராதீர்கள். 1966இல் திறந்த கட்டடம். அடுத்த சீசனில் அணி சான் ஃப்ரான்சிஸ்கோவுக்குக் குடிபோகிறது. இங்கே மிச்சமிருப்பது அதிகபட்சம் மூன்று ஆட்டம்.

தாம்சன் இல்லை, டுரன்ட் இல்லை, லூனி இல்லை. கரி தனி ஆளாக 47 புள்ளி எடுத்தும் 109-123. ராப்டர்ஸின் தொடக்க ஐவரும் தலைக்கு 17க்குக் குறையாமல் எடுத்தார்கள். அதில் மார்க் கசோலும் ஒருவர். பிப்ரவரியில் வலான்சியூனாஸ் உள்ளிட்ட மூவரைக் கொடுத்து மெம்பிஸிலிருந்து வாங்கிய ஸ்பெயின்காரர். வேகம் போய்விட்டது, ஆனால் யார் எங்கே நிற்கவேண்டும் என்று கை காட்டிக்கொண்டே இருப்பார். டிவியில் அது தெரியாது. நேரில் பார்ப்பவர்கள் பந்தை விட்டுவிட்டு ஐந்து நிமிடம் அவர் கையை மட்டும் பாருங்கள்.

ஜூன் 7, வெள்ளி. நான்காம் ஆட்டம்

ராப்டர்ஸ் 105-92. இடைவேளையில் 42-46 என்று பின்தங்கியிருந்தார்கள். திரும்பி வந்ததும் லெனர்ட் அடுத்தடுத்து இரண்டு மூன்று-புள்ளி, மொத்தம் 36. பெஞ்சிலிருந்து வந்த செர்ஜ் இபாகா 20. வான்விலீடின் முகத்தில் முழங்கை பட்டு, கண்ணுக்குக் கீழே தையல், பல்லும் உடைந்தது. தொடர் 3-1.

ஜூன் 8, சனி

திரும்பப் பறத்தல். டொரண்டோ வந்து சேரும்போது கனடா குடியேற்ற வரிசை உண்டு. தூக்கம் மூன்று மணி நேரம் நஷ்டம்.

ஜூன் 10, திங்கள். ஐந்தாம் ஆட்டம்

இன்றைக்கு ஜெயித்தால் கோப்பை. டுரன்ட் ஒரு மாதம் கழித்து இறங்கினார். 12 நிமிடத்தில் 11 புள்ளி, பிறகு குதிகால் தசைநாண் போய் உட்கார்ந்துவிட்டார். கூட்டத்தில் சிலர் கைதட்டியது அசிங்கம். ராப்டர்ஸ் ஆட்டக்காரர்களே கை காட்டி அடக்கினார்கள்.

நான்காம் கால்பகுதியில் லெனர்ட் மட்டும் வரிசையாக 10 புள்ளி, 103-97. வாரியர்ஸ் மூச்சு வாங்குகிறது. பாக்கி 3:05 இருக்கும்போது நர்ஸ் டைம்-அவுட் கேட்டார். இன்றைக்கு இரவு முழுக்க ஊரே கேட்ட கேள்வி: ஏன்? விதி இது: கடைசி மூன்று நிமிடத்துக்குள் நுழைந்தால் ஒரு அணிக்கு இரண்டு டைம்-அவுட்தான், அதற்கு மேல் கையில் இருப்பது காலாவதி. எப்படியும் காலாவதியாகப் போவதைச் செலவழித்துத் தன் ஆட்டக்காரர்களுக்கு மூச்சு வாங்க இடம் கொடுத்தார். கணக்கு சரி. ஆனால் அதே மூச்சு எதிரணிக்கும் கிடைக்குமே? களைத்த காலோடு நின்றவர்கள் வாரியர்ஸ்தான். உட்கார்ந்து எழுந்து வந்து தாம்சன் ஒன்று, கரி ஒன்று, மறுபடி தாம்சன், மூன்றும் மூன்று-புள்ளி. 106-103.

ராப்டர்ஸின் கடைசி வாய்ப்பு: லெனர்டை இருவர் மடக்க, பந்து வான்விலீட் வழியாக இடது மூலையில் கைல் லோரியிடம். டிரேமண்ட் கிரீனின் விரல்நுனி பந்தில் பட்டது. வாரியர்ஸ் 106-105. மூன்று-புள்ளிக் கூடைகள் வாரியர்ஸுக்கு 20, ராப்டர்ஸுக்கு 8. அந்த டைம்-அவுட்டைவிடத் தோல்விக்குப் பெரிய காரணம் இந்த எட்டுதான்.

நள்ளிரவில் யூனியன் ஸ்டேஷன் வாசலில் ஆயிரக்கணக்கானோர், சத்தமே இல்லை. அவசரமில்லாதவர்கள் வடக்கே பத்து நிமிடம் நடந்து கிங் ஸ்டேஷனில் ஏறினால் நெரிசல் பாதியாகும்.

ஜூன் 13, வியாழன். ஓக்லண்ட், ஆறாம் ஆட்டம்

மூன்றாவது முறை கண்டத்தைக் கடந்தாயிற்று. ஆரக்கிளில் இது கடைசி என்பிஏ ஆட்டம். முதல் எட்டுப் புள்ளியும் லோரி. முதல் சுற்றில் ஓர்லாண்டோவுடன் நடந்த முதல் ஆட்டத்தில் ஒரு புள்ளிகூட எடுக்காமல் வசை வாங்கிய அதே லோரி. இன்று 26 புள்ளி, 10 அசிஸ்ட் (கூடைக்கு வழி செய்த பாஸ்).

மூன்றாம் கால்பகுதி முடிய 2:22 இருக்கையில் 28 புள்ளியோடு இருந்த தாம்சன் ஓடிவந்து எழும்பினார். டேனி கிரீன் குறுக்கே வர, இறங்கும்போது இடது முழங்கால் மடங்கியது. தாங்கிப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்கள். ஃப்ரீ த்ரோவை அவரே போடாவிட்டால் மறுபடி ஆட முடியாது என்பது விதி. நடைபாதையிலிருந்து திரும்பி வந்து இரண்டையும் போட்டுவிட்டுத்தான் போனார். முன் சிலுவைத் தசைநார் கிழிந்திருந்தது.

கடைசிக் கால்பகுதியில் வான்விலீட் 12 புள்ளி. 3:46 இருக்கையில் அவர் போட்ட மூன்று-புள்ளியில் 104-101. 111-110இல் பந்தைக் கோட்டைவிட்டார் டேனி கிரீன். கரிக்கு மூன்று-புள்ளி வாய்ப்பு. வளையத்தில் பட்டு வெளியே. கீழே விழுந்த பந்துக்காகப் புரண்டவர்களில் டிரேமண்ட் கிரீன், மிச்சமில்லாத டைம்-அவுட்டைக் கேட்க, அதற்கு டெக்னிக்கல் ஃபவுல், பாக்கி 0.9 வினாடி. லெனர்ட் ஃப்ரீ த்ரோ போட்டார். 114-110. அமெரிக்காவுக்கு வெளியே போன முதல் என்பிஏ கோப்பை. இறுதிச்சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் லெனர்ட், சராசரி 28.5.

டொரண்டோவில் நால்வர் இருபதுக்கு மேல் எடுத்த இரவில், எதிரணி பெஞ்சில் 105 பிளே-ஆஃப் ஆட்டத்தின் பாக்கி உட்கார்ந்திருந்தது. டுரன்ட் இல்லாமல் ஜெயித்த கோப்பை என்று குறை சொல்பவர்கள் சொல்லட்டும். லெனர்டும் மில்வாக்கித் தொடரிலிருந்து காலை நொண்டிக்கொண்டுதான் ஆடினார்.

ஜூன் 17, திங்கள். டொரண்டோ, ஊர்வலம்

எக்ஸிபிஷன் பிளேஸிலிருந்து நேதன் ஃபிலிப்ஸ் சதுக்கம் வரை. காலை 10 மணிக்குக் கிளம்பிய திறந்த மாடி பஸ்கள் மதியம் சேர வேண்டியவை. மூன்று மணிக்கு மேல்தான் வந்தன. பத்து லட்சத்துக்கு மேல் கூட்டம், பாதையில் தடுப்பு போதவில்லை, ஜனம் பஸ்ஸுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. சதுக்கத்துக்குள் இருந்தவர்கள் தண்ணீர் வாங்கக்கூட வெளியே வர முடியவில்லை. குழந்தையோடு வந்தவர்களுக்கு யூனிவர்சிட்டி அவென்யூ ஓரம் போதும். சதுக்கத்துக்குள் போவது வீண் சிரமம். பிற்பகலில் சதுக்கத்தின் ஓரத்தில் துப்பாக்கிச் சூடு, நான்கு பேருக்குக் காயம். ஒரு பகுதியில் ஜனம் சிதறி ஓடியது. மேடையிலிருந்து அமைதியாக இருக்கும்படி கேட்டுக்கொண்டார்கள், பிறகு பேச்சுகள் தொடர்ந்தன.

பஸ் மேலே லெனர்ட் வழக்கம்போல அதிகம் பேசவில்லை. லோரி மைக்கைப் பிடித்து 'இன்னும் ஐந்து வருஷம்' என்று கூட்டத்தைக் கத்தவைத்தார். லெனர்ட் சிரித்தார். ஒப்பந்தப் பேச்சுகள் ஜூன் 30 மாலை 6 மணிக்குத் தொடங்குகின்றன.